ஒரு வட்டம்கூட விழாத படிவம்

டீச்சரம்மா யாருக்கும் ஒரு எழுத்துகூடச் சொல்லிக் கொடுத்தவள் இல்லை. சலவைக் கூடத்தில் ஈர விரிப்பை உருளைக்குள் விடுகிற வேலை அவளுக்கு. நாற்பத்தாறு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு இங்கிலீஷ் வகுப்புக்குக் கிளம்பினாளே, அதற்காக உடன் வேலை செய்கிற பெண்கள் வைத்த பட்டப்பெயர் அது. முதலில் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். போகப் போகக் கிண்டல் கழன்று விழுந்து பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே யாரென்று தெரியாது.

இந்த வயதில் அவளுக்கு என்ன இங்கிலீஷ் ஆசை என்று கேட்பீர்கள். ஆசையும் இல்லை, மண்ணும் இல்லை. ரோஷம்.

அந்தக் கூடத்துக்கு ஆறு ஆஸ்பத்திரிகளின் துணி வரும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறைப் பச்சைத் துணி. துவைத்துப் பிழிந்ததும் உருளைக்கு வரும். உருளை என்றால் வீட்டு இஸ்திரிப் பெட்டி மாதிரி எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆள் உயரம், நீராவிச் சூடு. இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரிப்பை நீட்டினால் அது இழுத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல், காய்ந்து, சுடச்சுட வந்து விழும். இழுக்கிற வாய்க்கு முன்னால் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு நீளக் கம்பி உண்டு. தடுப்புக் கம்பி. கை தவறினால் முழங்கையாலோ நெஞ்சாலோ அதை லேசாக முட்டினால் போதும், உருளை அந்த நொடியே நின்றுவிட வேண்டும். துணியோடு சேர்ந்து மனுஷக் கையும் உள்ளே போய்விடக் கூடாதே, அதற்காக வைத்தது.

மூன்றாம் உருளையில் டீச்சரம்மாவுக்கு ஜோடி வாயாடி. பன்னிரண்டு வருஷமாக இருவரும் எதிரெதிர் முனை. வாயாடி காலையில் உள்ளே நுழையும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் செருப்பு மாட்டும்வரை ஓயமாட்டாள். மாமியார் கதை, பக்கத்து வீட்டுக் கதை, வராத தண்ணீர் லாரிக் கதை. உருளை போடுகிற சத்தத்தையும் மீறிப் பேசுகிற தொண்டை அது. ஆனால் கையில் மட்டும் சொல்ல ஒரு குறை கிடையாது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு விரிப்பைக் கோணலாக விட்டதில்லை.

கூடத்தில் ஒரு விதி இருந்தது. எந்த மெஷினில் என்ன கோளாறு என்றாலும் வாயால் சொல்லக் கூடாது. படிவத்தில் எழுத வேண்டும். இங்கிலீஷில் எழுத வேண்டும். ஏனென்றால் அது தலைமை அலுவலகத்துக்குப் போகிற காகிதமாம். மெக்கானிக் வெளிக் கம்பெனி ஆள். படிவத்தில் அலுவலகக் கையெழுத்து விழாமல் அவன் ஸ்பானரைத் தொடமாட்டான். மெஷினோடு நாள் முழுக்க நிற்கிறவளுக்கு இங்கிலீஷ் வராது. இங்கிலீஷ் வருகிறவர்களுக்கு மெஷினில் எது வாய், எது வால் என்று தெரியாது. எந்த மகானுபாவன் போட்ட விதியோ!

மாடியில் கண்ணாடி அறை. அங்கே படிவங்களை வாங்குகிறவனுக்குப் பெண்கள் வைத்த பெயர் சிவப்புப் பேனா. முப்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு சிவப்புப் பேனா. கீழேயிருந்து எந்தப் படிவம் போனாலும் தப்பான இடத்தில் எல்லாம் வட்டம் போட்டு, ‘மீண்டும் எழுதித் தரவும்’ என்று திருப்பி அனுப்புவான். டீச்சரம்மா முதன்முதலில் எழுதிய படிவத்தில் பத்தொன்பது வட்டம். எழுதியது மொத்தமே ஏழு வரி. அதை அவன் அவள் கையில் தரவில்லை. கைகழுவுகிற தொட்டிக்கு மேலே, எல்லாரும் பார்க்கிற பலகையில் குத்தி வைத்தான். மற்றவர்களும் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றானாம். அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் சாப்பிடவில்லை. மறுவாரம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

வகுப்பு எடுத்தது அவள் வயதில் பாதிகூட இல்லாத பெண். நூலகத்தின் பின்னறையில், வாரத்துக்கு இரண்டு நாள். அந்தப் பெண் முதல் நாளே சொன்னாள்: “எழுதும்போது தப்பு வரட்டும்க்கா, பரவாயில்ல. எழுதி முடிச்ச பிறகு நீங்களே உட்கார்ந்து கண்டுபிடிங்க. அடுத்தவங்க கண்டுபிடிச்சா அவமானமா இருக்கும், நீங்க கண்டுபிடிச்சா அது பாடம்.”

டீச்சரம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தன் தப்புகளுக்கென்றே ஒரு நோட்டுப் போட்டாள். எந்தத் தப்பு, எந்தத் தேதி, எத்தனையாவது தடவை, எல்லாம் அதில் இருக்கும். எழுதியதை உடனே கொடுக்கமாட்டாள், ஒரு நாள் ஊறப் போடுவாள். மறுநாள் ஒரு தலையணை உறையை மடித்துக் காகிதத்தின்மேல் வைத்து, ஒரே ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நகர்த்தி நகர்த்திப் படிப்பாள். அதுவும் மேலிருந்து கீழே இல்லை, கடைசி வரியிலிருந்து மேலே. மேலிருந்து படித்தால் என்ன எழுதினோம் என்று மனசுக்கு முன்னாலேயே தெரியுமாம், இல்லாத வார்த்தையையும் இருப்பதாகக் காட்டி ஏமாற்றிவிடுமாம். அப்புறம் வாய்விட்டு ஒரு தடவை. வீட்டில் வாய்விட்டுப் படித்தால் மகள் சிரிப்பாள் என்று உருளைப் பக்கத்தில் நின்று, அந்த இரைச்சலில், சத்தம் போட்டுப் படிப்பாள்.

வாயாடி மட்டும் விடமாட்டாள். “என்னடி, மெஷினுக்கு மந்திரம் ஓதறியா?”

“ஆமா, உன் வாய் மூடணும்னு ஓதறேன்.”

“அதுக்கு எந்த மொழியிலயும் மந்திரம் கிடையாதுடி.”

பத்தொன்பது வட்டம் பன்னிரண்டாக இறங்கியது. பன்னிரண்டு ஒன்பதானது. இரண்டு வருஷம். ஒரு வட்டம்கூட இல்லாத ஒரே ஒரு படிவம் வாங்கிவிட வேண்டும் என்பது அவளுக்கு வெறியாகவே ஆகிவிட்டது. அந்த வெறியை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் அதைப்பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் உருளையின் தடுப்புக் கம்பி வேலை செய்யவில்லை. டீச்சரம்மா விரிப்பை நீட்டும்போது முழங்கை தவறி அதில் முட்டியது. உருளை நிற்கவில்லை. வேண்டுமென்றே முட்டிப் பார்த்தாள், நிற்கவில்லை. வாயாடி முழங்கையால் இடித்தாள். அப்போது நின்றது. மறுபடி இடித்தாள். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

மேனேஜர் அம்மாவிடம் நேராகவே போய்ச் சொன்னாள் டீச்சரம்மா. மேனேஜர் அம்மா தலை நிமிரவில்லை. “எழுதிக் கொடும்மா. எழுத்துல இல்லாம நான் மெஷினை நிறுத்த முடியாது. இன்னைக்கு ரெண்டு ஆஸ்பத்திரித் துணி பாக்கி இருக்கு.”

எழுதினாள். நின்ற நிலையில், ஊறப்போடாமல், உறை வைத்துப் பார்க்காமல், பத்தே நிமிஷத்தில் எழுதினாள். அவள் எழுதிய இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘மூன்றாம் உருளையில் தடுப்புக் கம்பி வேலை செய்யவில்லை. நான்கு முறை தொட்டோம், மூன்று முறை நிற்கவில்லை. மெஷினை நிறுத்துங்கள். கை உள்ளே போகும்.’

மறுநாள் திரும்பி வந்தது. பதினொரு வட்டம். ‘நிறுத்துங்கள்’ என்ற வரிக்குப் பக்கத்தில், ‘உத்தரவிடும் தொனி, மரியாதை தேவை’ என்று எழுதியிருந்தான். ‘கை உள்ளே போகும்’ என்ற வரியை முழுசாகச் சுற்றி ஒரு பெரிய வட்டம். பக்கத்தில், ‘மிகைப்படுத்தல்’.

இரண்டாவது தடவை எழுதினாள். ‘தயவுசெய்து நிறுத்துங்கள்’ என்றாள். கை உள்ளே போகக்கூடும் என்றாள். நான்கு வட்டம் போட்டு வந்தது. ‘மிகைப்படுத்தல்’ இந்தத் தடவையும் இருந்தது.

அதற்குள் ஐந்து நாள் ஓடிவிட்டது. ஐந்து நாளும் அதே உருளையில்தான் வேலை. முனையைப் பிடித்து நீட்டும்போது இருவரும் கையை ஒரு ஜாண் முன்னாலேயே இழுத்துக்கொண்டார்கள். வேறு என்ன செய்வது?

மூன்றாவது தடவை டீச்சரம்மா சாவகாசமாக உட்கார்ந்தாள். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பழைய தப்பாகச் சரிபார்த்தாள். வகுப்பில் கொடுத்த கடித மாதிரியிலிருந்து நல்ல நல்ல வாக்கியமாக எடுத்துப் போட்டாள். கடைசியில் அந்த ஒரு வரி மட்டும் உறுத்தியது. கை உள்ளே போகும். இரண்டு தடவை வட்டம் வாங்கிய வரி. தலையணை உறையை அதன்மேல் நகர்த்திப் பார்த்தாள், அந்த வரி இல்லாமல் படித்தால் படிவம் எவ்வளவு அழகாக ஓடுகிறது என்று தோன்றியது. அடித்துவிட்டாள்.

நன்றாகப் பிரதி எடுத்துக் கொடுத்தது இப்படி: ‘மூன்றாம் உருளையின் தடுப்புக் கம்பி தொடர்பான ஒரு சிறு விஷயத்தைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவர விரும்புகிறேன். அது சில நேரங்களில் எதிர்பார்த்தபடி இயங்குவதில்லை எனத் தெரிகிறது. தங்களுக்கு வசதிப்படும்போது பார்வையிட ஏற்பாடு செய்தால் மிக்க நன்றியுள்ளவளாக இருப்பேன்.’

ஒரு வட்டம்கூட இல்லை. மேல் மூலையில் ‘நன்று’ என்று எழுதி, அதன் நகலைச் சிவப்புப் பேனா தானே கீழே இறங்கிவந்து அவள் கையில் கொடுத்தான். டீச்சரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்தில் எல்லாருக்கும் காட்டினாள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புருஷனுக்குக் காட்டினாள். பஸ் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்த மனுஷன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “பரவாயில்லையே!” என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது லேசான காரியம் இல்லை.

கண்ணாடி அறையில் இரண்டு தட்டு உண்டு என்பது அவளுக்கு அப்போது தெரியாது. ஒன்றில் ‘அவசரம்’ என்று சீட்டு ஒட்டியிருக்கும், இன்னொன்றில் ‘சாதாரணம்’. வசதிப்படும்போது என்று எழுதிய படிவம் எந்தத் தட்டுக்குப் போகும்? மெக்கானிக்குக்கு அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி என்று குறித்திருந்தார்கள்.

கோளாறு தெரிந்த பதினோராம் நாள் காலையில், பத்தரை மணி இருக்கும், வாயாடி தன் நாத்தனார் வாங்கிய பீரோவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். விரிப்பின் ஒரு முனை உள்ளே மடிந்து போனது. பழக்கத்தில் அவள் கை அதை எடுத்துவிடப் போனது. ஈரத் துணி விரலைச் சுற்றிக்கொண்டது. அவள் பதறவில்லை, செய்ய வேண்டியதைச் செய்தாள். முழங்கையால் கம்பியை அழுத்தினாள். நிற்கவில்லை. நெஞ்சால் முட்டினாள். நிற்கவில்லை. டீச்சரம்மா சுவர்ப் பக்கம் ஓடிப் பெரிய சிவப்புப் பொத்தானை அடிக்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. மற்ற விரல்களும் வெந்துபோயின.

ஆஸ்பத்திரியில் டீச்சரம்மா போய்ப் பார்த்தபோது, வாயாடி கட்டுப் போட்ட கையை ஒரு தலையணையின்மேல் வைத்துப் படுத்திருந்தாள். விரிப்பு இவர்கள் கூடத்துத் துணிதான். முத்திரை இருந்தது. வாயாடி ரொம்ப நேரம் பேசவே இல்லை. பேசாத வாயாடியை டீச்சரம்மா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். அப்புறம் வாயாடியே மெதுவாகக் கேட்டாள்: “நான் கம்பியை அமுக்கினேன்டி. நீ பார்த்தே இல்ல?”

“பார்த்தேன்டி.”

“ரெண்டு தடவை அமுக்கினேன். எல்லாரும் நான் பேசிட்டே கையை விட்டுட்டேன்னு சொல்றாங்களாம். என் வீட்டுக்காரரே, ஏன் கவனிக்கலன்னு கேட்கறார். நீ மட்டும்தான் பார்த்தே. சொல்லிடு.”

“சொல்றேன்” என்றாள் டீச்சரம்மா.

மறுநாளே மேனேஜர் அம்மா மேலே கூப்பிட்டாள். உட்காரச் சொன்னாள்! கண்ணாடி அறை நாற்காலியில் டீச்சரம்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. “வெள்ளிக்கிழமை பாதுகாப்பு ஆய்வாளர் வர்றார். பக்கத்துல நின்னவ நீதான், உன் வாக்குமூலம் கேட்பார். உனக்குச் சிரமம் வேண்டாம்னு நாங்களே நல்ல இங்கிலீஷ்ல அடிச்சு வச்சிருக்கோம். படிச்சுப் பார்த்துட்டு ஒரு கையெழுத்து மட்டும் போடும்மா.”

டீச்சரம்மா படித்தாள். நல்ல இங்கிலீஷ்தான், அதில் குறையில்லை. அவள் பெயரில், அவள் சொன்னதாக, அவள் சொல்லாத வார்த்தைகள். தொழிலாளி பேசிக்கொண்டிருந்ததால் கவனம் சிதறியதாகவும், பயிற்சியில் சொல்லியதற்கு மாறாகக் கையை நீட்டியதாகவும், தடுப்புக் கம்பியில் சிறு குறை இருந்திருக்கலாம் எனக் கருதப்படுவதாகவும், அதுபற்றி முன்கூட்டி அவசரத் தகவல் ஏதும் வரவில்லை என்றும் இருந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் வாயைக் கட்டிக்கொண்டாள். “வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ச் சரிபார்த்துட்டுத் தர்றேன் மேடம்.”

“அதுல சரிபார்க்க என்ன இருக்கு? தப்பே இருக்காது.”

“இல்ல மேடம், எனக்கு அது பழக்கம். பார்க்காம எதையும் கொடுக்கமாட்டேன். நீங்க பழக்கினதுதானே.”

சாயங்காலம் சமையலறை மேசையில் தலையணை உறையை மடித்து வைத்துக் கடைசி வரியிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரியிலும் வழக்கமான கேள்விகள். அப்புறம் யாரும் சொல்லித்தராத ஒரு கேள்வி தானாக வந்து நின்றது: இது நடந்ததா? கருதப்படுகிறது என்றால் யார் கருதினார்கள்? கருதியவன் கம்பிப் பக்கம் ஒரு நாளாவது வந்திருக்கிறானா? சிவப்புப் பேனா ஒன்றை மகளின் பெட்டியிலிருந்து எடுத்து வட்டம் போட்டாள். முடிக்கும்போது எண்ணினால் பதினேழு.

புருஷன் பார்த்துக்கொண்டே இருந்தார். “போட்டுக் கொடுத்துட்டு வேலையைப் பாரும்மா. நாளைக்கு உன்னையும் வெளியே தள்ளிட்டா?”

“தள்ளட்டுங்க. அவ விரல் போயிடுச்சு. அவ நல்ல பேரையும் நானே எடுத்துடவா?”

அவர் எழுந்துபோய் மேசைக்கு மேலே இருந்த பல்பைத் துடைத்துவிட்டு வந்தார்.

வட்டத்தோடு நிறுத்தவில்லை. தானே ஒன்று எழுதினாள். இரண்டு பக்கம். மகள் எட்டிப் பார்த்தாள். பதினேழு வயது, இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. “அம்மா, இதுல எக்கச்சக்கத் தப்பு இருக்கு. போன்ல போட்டா ஒரே நிமிஷத்துல அழகாக்கித் தந்துடும்” என்று, கேட்காமலே படம் பிடித்துப் போட்டும் விட்டாள். வந்ததை டீச்சரம்மா படித்தாள். விரல் போனதை ‘துரதிருஷ்டவசமான நிகழ்வு’ என்று போட்டிருந்தது. உருளை நிற்கவில்லை என்பது ‘எதிர்பார்த்தபடி இயங்கவில்லை’ ஆகியிருந்தது.

எதிர்பார்த்தபடி இயங்கவில்லை. இந்த வார்த்தையை எங்கே பார்த்தோம்?

பையிலிருந்து மூன்றாவது படிவத்தின் நகலை எடுத்தாள். ‘நன்று’ போட்டது. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தாள், பாவி. அதன் கீழே இரண்டாவது. அதன் கீழே முதலாவது. மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். முதலாவதில் இருந்த ‘நிறுத்துங்கள்’ மூன்றாவதில் இல்லை. முதலாவதில் இருந்த கை, மூன்றாவதில் இல்லவே இல்லை. எடுத்தது யார்? சிவப்புப் பேனா வட்டம்தான் போட்டான். கோடு போட்டு அடித்தது இவள் கை.

“அடிப்பாவி” என்றாள். மகள் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து, “நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்!” என்றாள்.

“உன்னை இல்லம்மா” என்று சொல்லிவிட்டு, எழுதிய இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டாள். மறுபடி முதலிலிருந்து எழுத உட்கார்ந்தாள். இந்தத் தடவை இரண்டு வரி சேர்ந்தது. ஒன்று, ‘அவள் பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே கம்பியை இரண்டு முறை அழுத்தினாள்.’ பேசியதை விட்டுவிடலாம் என்று கை துடித்தது, விட்டால் தோழிக்கு நல்லதுதானே. ஆனால் உறுத்தியதை விட்டு எழுதினதால்தான் இவ்வளவும். இருக்கட்டும் என்று எழுதியே வைத்தாள். இன்னொன்றை எழுத அரை மணி நேரம் பிடித்தது: ‘கை உள்ளே போகும் என்று முதல் படிவத்தில் எழுதினேன். மூன்றாவதில் அந்த வாக்கியத்தை நானே அடித்தேன். வட்டம் விழக் கூடாது என்று அடித்தேன்.’

வெள்ளிக்கிழமை கண்ணாடி அறையில் ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட, அலுத்துப்போன முகம். பக்கத்தில் மேனேஜர் அம்மா, ஓரத்தில் சிவப்புப் பேனா.

“கையெழுத்துப் போட்டாச்சாம்மா?” என்றாள் மேனேஜர் அம்மா, குரலில் தேன் ஒழுக.

“போட்டிருக்கேன் மேடம். உங்களுதுல இல்ல, என்னுதுல.” பதினேழு வட்டம் போட்ட தட்டச்சுக் காகிதத்தை அவள் முன்னால் வைத்தாள். “உங்களுதைத் திருத்தியிருக்கேன். மீண்டும் எழுதித் தரவும்.”

மேனேஜர் அம்மாவின் முகம் சுண்டிப்போனது. டீச்சரம்மா எழுதியதை எட்டி வாங்கி ஒரு பார்வை பார்த்தாள். “சார், இதைப் படிக்கவே முடியாது. முதல் வரியிலேயே ரெண்டு தப்பு.”

“மொத்தம் பதினாலு இருக்கும்” என்றாள் டீச்சரம்மா. “எனக்குத் தெரிஞ்சே இருக்கு. இன்னும் ரெண்டு நாள் கிடைச்சா ஆறாக் குறைச்சுடுவேன். ஆனா அதுல எந்த வரியையும் எடுக்கமாட்டேன். நடந்ததுதான் இருக்கு. நீங்க படிங்க சார். புரியலன்னா கேளுங்க, தமிழ்ல சொல்றேன்.”

ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நிதானமாக, விரல் வைத்துப் படித்தார். பின்னால் இணைத்திருந்த மூன்று படிவத்தையும் பார்த்தார். நிமிர்ந்து சிவப்புப் பேனாவிடம் கேட்டார்: “முதல் படிவம். கை உள்ளே போகும்னு எழுதியிருக்காங்க. அதைச் சுத்தி வட்டம் போட்டது நீங்கதானே?”

“ஆமா சார்.”

“வட்டம் போடும்போது அந்த வாக்கியத்தைப் படிச்சீங்களா?”

“எனக்குச் சொன்னது மொழியைப் பார்க்கணும்னு சார். மரியாதை இல்லாத காகிதம் மேல போகக் கூடாதுன்னு உத்தரவு.”

“யார் உத்தரவு?”

மேனேஜர் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சரி, மூணாவதை ஏன் அவசரத் தட்டுல போடல?”

“வசதிப்படும்போதுன்னு... அவங்களேதானே சார் எழுதியிருந்தாங்க.”

டீச்சரம்மாவுக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அவன் சொன்னது பொய் இல்லை. இத்தனை நாளில் அவன் சொன்ன ஒரே முழு உண்மை அதுதான். “ஆமா சார், எழுதினேன்” என்றாள். “முதல் தடவை மரியாதையில்லாம எழுதினேன், திருப்பி அனுப்பினாங்க. மரியாதையா எழுதக் கத்துக்கிட்டேன், ஓரமா வச்சுட்டாங்க. அடிச்சது என் தப்பு, அதை எழுதிக் கொடுத்திருக்கேன். அவங்க தப்பை யார் எழுதிக் கொடுப்பாங்க? கம்பியை மட்டும் ஒருத்தரும் இறங்கி வந்து தொட்டுப் பார்க்கல சார். கீழேதானே இருக்கு. இருபது படி!”

ஆய்வாளர் எழுந்தார். அந்த இருபது படியையும் இறங்கிப் போனார். சிவப்புப் பேனா உட்பட எல்லாரும் பின்னால் போனார்கள். கம்பியை அவரே தன் கையால் அழுத்தினார். ஐந்து முறை அழுத்தியதில் ஒரு தடவைகூட உருளை நிற்கவில்லை. அன்றைக்கே சீல் வைத்தார்கள். மெக்கானிக் வந்து பிரித்தபோது உள்ளே ஒயர் கருகி நாளாகியிருந்தது. மாற்ற ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. வெறும் ஒன்றேகால் மணி நேரம்! தொழிலாளியின் மேல் தவறில்லை என்று ஆய்வாளர் எழுதிவிட்டுப் போனார்.

டீச்சரம்மாவை யாரும் வெளியே தள்ளவில்லை. மேனேஜர் அம்மாவையும் தள்ளவில்லை, வேறு கூடத்துக்கு மாற்றினார்கள். சிவப்புப் பேனா இன்னும் அதே அறையில்தான் இருக்கிறான். பேனா மட்டும் நீலமாகிவிட்டது. அவ்வளவுதான் நியாயம்.

நான்கு மாதம் கழித்து வாயாடி வந்தாள், மடிப்பு மேசை வேலைக்கு. மூன்று விரலால் தலையணை உறை மடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். வாய் பழையபடி திரும்பியிருந்தது, முக்கால்வாசி.

தேநீர் இடைவேளையில் டீச்சரம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தான் அடித்த வரியைப் பற்றி ஏற்கெனவே அவளிடம் அழுது சொல்லியாயிற்று. வாயாடி இப்போதுதான் கேட்டாள்: “அந்த முதல் காகிதம் வச்சிருக்கியாடி? எல்லாரும் அதைப் பத்தியே பேசறாங்க. எனக்குப் படிக்கத் தெரியல. தமிழ்ல சொல்லேன்.”

டீச்சரம்மா பையிலிருந்து எடுத்தாள். பதினொரு வட்டத்தோடு இருந்த அந்தப் படிவத்தை மேசையில் விரித்து, மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். “மூணாம் உருளையில தடுப்புக் கம்பி வேலை செய்யல. நாலு தடவை தொட்டோம், மூணு தடவை நிக்கல. மெஷினை நிறுத்துங்க. கை உள்ளே போகும்.”

வாயாடி காத்திருந்தாள். “அப்புறம்?”

“அவ்வளவுதான்டி.”

வாயாடி மிச்சமிருந்த விரலால் அந்தச் சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பெரிய வட்டத்தில் வந்து நின்றாள்.

“எல்லாம் சரியாத்தானே இருக்கு. இதுல என்னடி திருத்தறதுக்கு இருந்துச்சு?”

“ஒண்ணும் இல்லடி” என்றாள் டீச்சரம்மா. “ஒண்ணுமே இல்ல.”